உருளைக்கிழங்குப் புள்ளி

1

“ஃபைல்ல என் பேரு இருக்கணும் சார்.”

இந்தக் கதை இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. ஒத்துக்கொள்கிறேன். கதைகள் மழை, ரயில், மங்கிய புகைப்படம் மாதிரி கௌரவமான இடங்களிலிருந்து பிறக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். இது பிறந்த இடம் ஓர் அலுவலகத்தின் தண்ணீர் பிடிக்கும் மூலை. நாள் புதன்கிழமை. கையில் பாதி நிரம்பிய குவளையோடு முதலாளி நின்றிருந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமான பெண் கேட்டாள். கேட்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள்.

சொன்னவர் இடைவெளி அண்ணன். “லீவு கேளு, நல்ல நாற்காலி கேளு, ஏசி குளிருதுன்னு சண்டை கூடப் போடு. பேரு மட்டும் கேக்காதம்மா.”

[எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று பார்ப்பது இடைவெளி அண்ணனின் வேலை. இருபது வருடமாக ஒன்றுமில்லாததை அளந்து பிழைக்கிறார். ‘எதிலும் கருத்து இல்லாதவர்’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கருத்து இருக்கிறது, சொல்ல மாட்டார்.]

பெயர் என்பது இதுதான்: கணினியில் நீங்கள் தட்டச்சும் ஒவ்வொரு எழுத்துருவின் ஃபைலுக்குள்ளும் ‘வடிவமைத்தவர்’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. யாரும் திறந்து பார்ப்பதில்லை. நீங்களும் பார்த்ததில்லை, பொய் சொல்லாதீர்கள். அந்த அலுவலகத்திலிருந்து வெளியே போன அத்தனை எழுத்துருக்களின் கட்டத்திலும் ஒரே பெயர்தான், முதலாளியுடையது. வளைந்த கோடு ஒன்றைப் பார்த்தால் மனிதருக்குக் கண் கலங்கிவிடும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வளைவு என்று பெயர். முகத்துக்கு நேரே சார்.

2

முதலில் வேறு மாதிரித்தான் தொடங்கினேன்.

எழுத்துக்களுக்கும் உயிர் உண்டு என்று அவள் சிறுவயதிலேயே

நிறுத்திவிட்டேன். எழுத்துருவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பதெல்லாம் எண்கள். உயிர் என்று ஏதாவது இருந்தால் அது வைரஸ்.

அடுத்த முயற்சி:

அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கிய அன்று அம்மா

இதையும் நிறுத்தினேன். வாசகர் இந்த இடத்தில் கைக்குட்டையைத் தேடுவார். அதன் பிறகு அவள் என்ன சொன்னாலும் ‘பாவம்’ என்று தலையை ஆட்டுவாரே தவிர, காதில் வாங்க மாட்டார். வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பதில் இந்தக் கதைக்குத் தேவையானது ஒரே ஒரு விஷயம்தான்: அலுவலகத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. ஆகவே அவள் எல்லாவற்றையும் கேட்பாள்.

மூன்றாவது முயற்சி ‘நான்’ என்று தொடங்கியது. மூன்று பத்தி ஓடியது. படித்துப் பார்த்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. ‘அவள்’ என்று மாற்றினேன். இப்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அவளுக்கு அல்ல, எனக்கு.

3

நாவல் அட்டைக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் எழுத்துரு வரைபவர்கள் வேறு சாதனையாளர்கள். மேடை, மாலை, நேர்காணல் எல்லாம் அவர்களுக்கு. இந்த அலுவலகத்துக்கு வருவது அவர்கள் தொட மறுத்தவை. மின்தூக்கிப் பொத்தான்களுக்கான எண்கள். மீட்டர் பெட்டிக்கான எண்கள். நடன அசைவுகளைக் காகிதத்தில் குறிக்கும் குறியீடுகள். பேச்சுப் பயிற்சி தருபவர்கள் நாக்கு எங்கே தொட வேண்டும் என்று காட்டப் பயன்படுத்தும் கொசு மாதிரியான குறிகள். அந்தக் கொசுக்களில் அறுபத்து நான்கை அவள் வரைந்திருக்கிறாள். கட்டத்தில் பெயர் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு மருத்துவமனை வந்தது. மருத்துவமனை என்றால், அதன் மருந்தகத்தை நடத்தும் மருந்தாளுநர் அம்மாள். பிரச்சினையை இரண்டு நிமிடத்தில் சொன்னார். குழந்தைகளுக்கான மருந்தைச் சின்னக் குப்பிகளில் பிரித்து, அளவு அச்சடித்த லேபிள் ஒட்டி, மேல்மாடி வார்டுகளுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு முறை அளவைத் தப்பாகப் படித்துவிட்டார்கள். இரண்டு முறையும் கடைசி நொடியில் யாரோ பார்த்துத் தடுத்தார்கள். “அழகா வேணாம். தப்பாப் படிக்க முடியாத மாதிரி ஒண்ணு வேணும்.”

அவள் வாழ்க்கையில் கேட்ட காதல் வசனங்களில் அதுதான் சிறந்தது.

மூன்று வாரம் மருந்தகத்தின் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அலுவலகத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லை. சுவர் இருக்கும்போது முக்காலி எதற்கு என்பது வளைவின் கேள்வி. (சுவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.) அவள் பார்த்தது: குப்பி உருண்டை, ஆகவே நீளமான மருந்துப் பெயர் வளைந்து முதுகுப்பக்கம் போய்விடுகிறது. மருந்து வழிந்து லேபிளில் பிசுபிசுக்கிறது. எழுத்தின் உயரம் ஓர் எறும்பு நீளம்கூட இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரிண்டர். அதற்கு மை கிடையாது. வரிசையாக நிற்கும் நுண்ணிய சூட்டுமுனைகள் காகிதத்தைக் கருக்கி எழுத்தாக்கும். அவற்றில் இரண்டு செத்துப்போயிருந்தன. செத்த இடத்தில் ஒவ்வொரு லேபிளிலும் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். வருடக்கணக்கில் பார்த்துப் பழகி, அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. காகிதம் சற்று நகர்ந்து அந்தக் கோடு சரியாகத் தசமப் புள்ளியின் மேல் விழும்போதெல்லாம் புள்ளி காணாமல் போகும்.

1.5 மி.லி. என்பது 15 மி.லி. ஆகும்.

அவள் புள்ளியைப் பருக்க வைத்தாள். கோடு விழுந்து பாதியைத் தின்றாலும் மீதி நிற்கும் அளவுக்குப் பெரிதாக. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டாள். ‘ண’வின் சுழிகள் சூட்டில் அடைத்துக்கொண்டன, அவற்றை அகலத் திறந்தாள். கோடுகள் சந்திக்கும் மூலைகளில் கருப்பு கட்டிக்கொண்டது, அங்கெல்லாம் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டாள். மொத்தத்தில், பெரிதாக்கிப் பார்த்தால், பெற்றவளுக்கே சகிக்காது.

நாற்பது செவிலியர்கள். அதே பிரிண்டர், அதே உருண்டைக் குப்பி, ஒரே ஒரு பார்வை, ஆளுக்குப் பன்னிரண்டு குப்பி. பழைய எழுத்தில் பத்தொன்பது தப்பு வந்தது. புதியதில் ஒன்றுகூட இல்லை. புள்ளிக்கு உருளைக்கிழங்கு என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். எட்டுப் பக்கத்தில் சோதனை அறிக்கை எழுதினாள். மறுநாள், புதன்கிழமை, தண்ணீர் மூலைக்குப் போய் அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

4

இப்போது வில்லன் வர வேண்டும். வளைவை வில்லனாக்க உண்மையாகவே உழைத்தேன். மேசையைத் தட்ட வைத்தேன், “நேத்து வந்தவ நீ” என்று சொல்ல வைத்தேன். ஒட்டவில்லை. அவர் தட்டக்கூடியவர் அல்ல. நேர்முகத் தேர்வுக்குப் போன மற்ற இடங்களில் எல்லாம் எந்தக் கல்லூரி என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். இவர் ஒருவர்தான் அவள் வரைந்த ஒரே ஓர் எழுத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்துவிடு என்றார். இதைச் சொல்லாமல் விட்டால் கதைக்கு நல்லது. சொல்லித் தொலைக்கிறேன்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். “சரிம்மா, போடலாம்” என்றார்.

அவளுக்கு நம்ப முடியவில்லை. எனக்கும்தான். கதை நான்காம் பகுதியிலேயே முடிந்துவிடும் போலிருந்தது.

“ஆனா பேரு வெச்சா அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும் இல்ல? ரெண்டு நாள் குடு. தேச்சுக் குடுக்கறேன்.”

பாருங்கள், அவள் கேட்காமல் இருந்திருந்தால் அவர் அந்த எழுத்துருவைத் தொட்டிருக்கவே மாட்டார். மருந்து லேபிள்தானே என்று அப்படியே அனுப்பியிருப்பார். அவள் பெயர் கேட்டதால்தான் அவருக்கு அக்கறை வந்தது.

இனி சுவர். அலுவலகத்தின் பெரிய அறையில் ஒரு வெள்ளைச் சுவர் உண்டு. வளைவு ஒவ்வோர் எழுத்தையும் அதில் ஆள் உயரத்துக்கு விழவைப்பார். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பத்தடி பின்னால் நிற்பார். கோட்டில் ஒரு மயிரிழை பிசகினாலும் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணில் குறை கிடையாது. அதனால்தான் யாருக்கும் ஒரு கேள்வி தோன்றவில்லை: எறும்பாக வாழப்போகிற எழுத்தை ஏன் யானையாக்கிப் பார்க்கிறோம்? வேறு எந்தத் தொழிலில் இருப்பவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். செருப்புத் தைப்பவர் காலைப் பார்ப்பார்.

ஆள் உயரத்தில் அவளுடைய மூலை வெட்டுகள் எலி கடித்த மாதிரி இருந்தன. புள்ளி, கழுத்தில் வந்த கட்டி மாதிரி. வளைவு இரண்டு நாள் வீட்டுக்குச் சீக்கிரம் போகவில்லை, சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். எலிக்கடிகளை அடைத்தார். சுழிகளுக்கு வடிவம் கொடுத்தார். கட்டியைக் கரைத்தார். இடைவெளி அண்ணனைக் கூப்பிட்டு, புள்ளியைச் சுற்றிப் பள்ளம் மாதிரி விட்டிருந்த இடத்தை இறுக்கச் சொன்னார். எல்லாம் அன்பில் செய்தது. கொலைகாரனாக இருந்தால் எழுதுவதற்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

5

வெள்ளிக்கிழமை மாலை அவளுக்குக் காட்டினார். அழகாக இருந்தது. நான் சொல்கிறேன், கோபத்தோடு சொல்கிறேன், அழகாகவே இருந்தது. ஃபைலுக்குள் கட்டத்தைத் திறந்தாள். அவர் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, பழக்க தோஷம், லேபிள் பிரிண்டர் இருந்த மேசைக்குப் போனாள். செத்த முனைகளோடு ஒரு பிரிண்டரை மருந்தகத்தில் கெஞ்சி வாங்கி வைத்திருந்தாள்.

பத்து லேபிள் அச்சடித்தாள். ஏழில் 1.5. மூன்றில் 15.

“சார், புள்ளி போயிடுது.”

“எந்த பிரிண்டர்ல?”

“அவங்க பிரிண்டர்ல.”

“அப்ப பிரிண்டரை மாத்தச் சொல்லு. அதுக்காக எழுத்தை அசிங்கப்படுத்தணுமா?”

மாற்றும் வரைக்கும் குழந்தைகள் காய்ச்சலைத் தள்ளிப்போடுமா என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எரிச்சல். திங்கட்கிழமை மருந்தாளுநர் வந்து ஒப்புதல் கொடுக்கப்போகிறார், சோதனை அறிக்கை அருமையாக இருக்கிறது, அதையே சேர்த்துக் கொடுத்துவிடலாம், கீழே கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றார்.

“அது என் ஃபான்ட்டுக்குப் பண்ண சோதனை சார். இதுக்கு இல்ல.”

“எலும்பு ஒண்ணுதானேம்மா. தோலைத்தான் துடைச்சிருக்கேன்.”

“துடைச்சதுல மூணு போச்சு சார், பத்துக்கு.”

“கையெழுத்து இல்லேன்னா இது உன் வேலைன்னு நான் எப்படிச் சொல்றது? பேரு எப்படிப் போடறது? நீதான கேட்ட.”

குரல் உயரவில்லை. கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது சிரித்தார்கூட. அவள் போட வேண்டிய கணக்கு தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போட்டால் பெயர் இருக்கும், வேலை இருக்கும், நாற்பது பேர் படித்துப் பார்த்ததாகச் சொல்லும் தாளோடு, புள்ளி தொலைந்த அந்த ‘15’ மருந்தகத்துக்குப் போகும்.

இடைவெளி அண்ணன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். நான் அப்போதே சொன்னேனே என்று தொடங்கினார். அவள் முடிக்க விடவில்லை.

“பள்ளத்தை இறுக்கினப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலையாண்ணா?”

“தோணுச்சு.”

“அப்ப?”

“சுவத்துல நல்லாத்தான் இருந்துச்சும்மா.”

6

இந்த இடத்தில் நோயாளி அம்மா ஒருவரை எதிர்பார்ப்பீர்கள். தப்பான லேபிளைப் பார்த்து மருந்து குடிக்க வேண்டியவர். மன்னிக்கவும். அம்மாவுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. ஓர் ஆயத்த ஆடைக் கூடத்தில் சட்டைக் கழுத்துக்குள் கம்பெனிப் பெயர்ப் பட்டையை வைத்துத் தைப்பது அவர் வேலை. இதை உருவகமாக நான் வைக்கவில்லை. வேலையே அதுதான், என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டே மகள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“அந்தக் கட்டத்துல பேரு இருந்தா யாரு பாப்பா?”

“யாரும் பாக்க மாட்டாங்க.”

“அப்புறம் எதுக்குடி?”

“இருக்கணும்மா.”

அம்மா ஒரு தலையணை உறையை நான்காக மடித்தார். “சரி, இருக்கணும்னா கையெழுத்தைப் போடு. நம்ம வீட்டுல உக்காந்து பாக்கற வேலைக்குப் போன மொத ஆளு நீ. உன் சித்தப்பா பொண்ணு, மாமா பசங்க எல்லாரும் உன்னைத்தான் பாத்துட்டு இருக்காங்க. ஒரு புள்ளிக்காக எழுந்து வந்துட்டேன்னு நான் எவகிட்டடி சொல்லுவேன்?”

“ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு ஊத்துவாங்கம்மா.”

“நீயா ஊத்தற?”

இதற்கு அவள் பதில் சொன்னதாக எழுதி, நான்கு முறை அடித்துவிட்டேன். முதல் பதில் மேடைப் பேச்சு. இரண்டாவதில் அம்மா அழுதார், அவர் அழக்கூடியவர் இல்லை. மூன்றாவதும் நான்காவதும் சொல்லும் தரத்தில் இல்லை. உண்மையில் அவள் மீதித் துணியை மடித்தாள். ஆனால் அந்த மடிப்பில் அவள் எதையோ முடிவு செய்துவிட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. “திமிரு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

7

முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

ஒன்று: திங்கட்கிழமை விடியற்காலையில் அவள் அலுவலகத்துக்குள் நுழைந்து, யாருக்கும் தெரியாமல் உருளைக்கிழங்கைத் திரும்ப வைத்துவிடுகிறாள். கதாநாயகிகள் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் கடைசி ஃபைல் வளைவின் கணினியில் இருக்கிறது, கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதோடு, திருட்டுத்தனமாகச் சரிசெய்தால் அடுத்த எழுத்துருவும் அதே சுவருக்குத்தான் போகும்.

இரண்டு: ஒரு குழந்தைக்கு ஏதோ ஆகிவிடுகிறது, எல்லோருக்கும் புத்தி வருகிறது. இதை எழுத மாட்டேன். பெரியவர்களுக்குப் புத்தி வருவதற்காக என் கதையில் எந்தக் குழந்தையும் மருந்து குடிக்காது. வேண்டுமானால் வேறு கடை பாருங்கள்.

மூன்று: மருந்தாளுநர் தானே கண்டுபிடித்துவிடுகிறார், சபாஷ், கைதட்டல். நடக்கலாம்தான். ஆனால் அவர் இரவுப் பணியில் இருந்தவர்களிடம் பொறுப்பு வாங்கி, காலையில் இருந்து இருநூறு லேபிள் பார்த்துவிட்டு வந்திருப்பார். சுவரில் ஆள் உயரத்துக்குப் புள்ளி பளபளக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

நாலாவதாக ஒன்று, அவளும் வளைவும் மனம்விட்டுப் பேசி

வேண்டாம்.

8

திங்கட்கிழமை பத்தரை மணி. பெரிய அறை. சுவரில் ‘ண’ நின்றுகொண்டிருந்தது, மூன்று சுழியும் முத்து மாதிரி. மருந்தாளுநர் அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தார். வளைவு எழுத்தின் அழகை விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். நடுவில் அவளைக் கை காட்டி, இது முழுக்க இந்தப் பெண்ணின் உழைப்பு, ஃபைலிலும் அவள் பெயரைப் போட்டிருக்கிறோம் என்றார். இடைவெளி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உட்காரவில்லை. மேசையில் மூன்று பொருள்களை வைத்தாள். கையெழுத்து இல்லாத அறிக்கை. காலையில் எழுதிய இரண்டு வரிக் கடிதம்: வேலையிலிருந்து விலகுகிறேன், அந்த ஃபைலில் என் பெயர் வேண்டாம். லேபிள் ஒட்டிய ஒரு குப்பி.

“மேடம், இதைப் படிங்க.”

மருந்தாளுநர் குப்பியை எடுத்து, தினமும் செய்கிறவர்கள் செய்வதுபோல ஒரு பார்வை பார்த்தார். “பதினைஞ்சு.”

“ஒன்றரை.”

மருந்தாளுநர் குப்பியை வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளைக் கோட்டின் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் எந்தக் கோடும் இல்லை.

“நீங்க சோதிச்சது இது இல்லையா?”

“இல்ல மேடம். நான் சோதிச்சது வேற. அசிங்கமா இருக்கும். சார் கம்ப்யூட்டர்ல இருக்கு, கேட்டு வாங்கிக்கோங்க.”

வளைவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அவர் நல்ல மனிதர், நான்தான் சொன்னேனே. அவசரப்படாதேம்மா, உட்கார், இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றார்.

“ஒன்றரைக்கும் பதினைஞ்சுக்கும் நடுவுல என்ன சார் இருக்கு?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் பையைத் தோளில் போட்டாள். அறைக்கதவைத் திறந்தாள், வெளியே வந்து மூடினாள்.

அந்த அறையில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வளைவு பழைய ஃபைலைத் திறந்தாரா? மருந்தாளுநர் ஒப்புதல் தாளை எடுத்தாரா, பையில் திரும்ப வைத்தாரா? இடைவெளி அண்ணன் இருபது வருடத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தாரா? தெரியாது. முதல் பகுதியிலிருந்தே நான் அவள் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறேன். நீங்கள்தான் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள். குப்பி உங்களுக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது, மூன்று பேரும் யாராவது முதலில் பேசட்டும் என்று பார்க்கிறார்கள். நான் அவளோடு படியிறங்கிவிட்டேன்.